கல்லில் வைத்த எண்ணம்: சோழர்காலக் கொடைக் கல்வெட்டுகளில் நோக்கமும் நினைவும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் செய்ய எண்ணிய செயலைக் காலம் கடந்தும் நினைவில் வைத்துச் செய்வது எவ்வாறு என்பது உளவியலில் ஆராயப்படும் வினா. இவ்வினாவை வரலாற்றுச் சான்றுகளின்மீது வைத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. கி.பி. 10, 11ஆம் நூற்றாண்டுச் சோழர்காலக் கொடைக் கல்வெட்டுகள், கொடையாளி மறைந்த பின்னும் அவருடைய எண்ணம் நிறைவேற வேண்டும் என்ற கவலையிலிருந்து பிறந்தவை. அவ்வெண்ணத்தைக் காக்க அக்காலத்தார் கையாண்ட வழிகளாகச் செயலைச் சிறிதாக்கி நாள்தோறும் பகுத்தல், பொறுப்பை ஆளிலிருந்து பணிக்கு மாற்றுதல், பழைய ஆவணத்தைப் படியெடுத்தல், தவறியபோது உசாவுதல் ஆகிய நான்கும் இங்கு ஆராயப்படுகின்றன. எண்ணத்தை நெடுங்காலம் சுமந்தது கல் அன்று, அதனை நாள்தோறும் செய்யக் காரணமுடைய மனிதரே என்பதும், கல்லின் பணி வழக்கு நேரும்போது சான்று கூறுவது என்பதும் இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கொடைக் கல்வெட்டு, எதிர்நோக்கு நினைவு, நந்தா விளக்கு, பழங்கற்படி, திருமழபாடி, திருவல்லம், தஞ்சைப் பெரிய கோயில்.

முன்னுரை

தமிழர் இல்லங்களில் நேர்த்திக்கடன் நேர்ந்துகொள்வோர் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைப்பது வழக்கம். வேண்டியது நிறைவேறிய பின் கோயிலுக்குச் சென்று கடனைச் செலுத்தும்வரை அம்முடிச்சு வீட்டில் கண்ணிற் படும் இடத்தில் இருக்கும். அக்காசு காணிக்கையின் ஒரு பகுதி என்பதோடு, செலுத்த வேண்டியது இன்னும் நிலுவையில் உள்ளது என்பதற்கான அடையாளமும் ஆகும். தம் நினைவைத் தாமே முழுமையாக நம்பாத மனிதர், அதனைத் தமக்குப் புறத்தே ஒரு பொருளில் வைத்துக் காக்கும் முயற்சி இது.

ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் முடியும் எண்ணத்திற்கு இம்முடிச்சு போதும். எண்ணம் வாழ்நாளைக் கடந்ததாயின் என்ன செய்வது? தான் இறந்த பின்னும் ஒரு விளக்கு எரிய வேண்டும், தந்தையின் படிமத்திற்குப் படையல் நடக்க வேண்டும், தன் கையால் இறந்த ஒருவனுக்காக அறம் தொடர வேண்டும் என்று எண்ணியவர், யாருடைய நினைவை நம்பினார்? சோழர்காலக் கொடைக் கல்வெட்டுகளை இவ்வினாவோடு படிக்க இடமுண்டு.

கொடைக் கல்வெட்டுகளைப் பற்றிய ஆய்வு வரலாறு நீண்டது. 1930களில் வெளிவந்த தம் நூலில் கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் அவற்றைச் சோழர் ஆட்சிமுறைக்கும் சமுதாய வாழ்வுக்கும் அடிப்படைச் சான்றாக்கினார். பர்ட்டன் ஸ்டெய்ன் கோயிலின் பொருளாதாரப் பணியை விளக்கினார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுச் செய்திகளைத் தொகுத்து எண்ணிக்கை முறையில் ஆராய்ந்து நிலவுடைமை, வரி, நாட்டமைப்பு ஆகியவற்றைத் தெளிவாக்கினர். ஜேம்ஸ் ஹெய்ட்ஸ்மன் கொடைக்கும் அதிகாரத்திற்கும் உள்ள உறவையும், லெஸ்லி ஓர் பெண் கொடையாளர்களின் இடத்தையும் ஆராய்ந்தனர். இவ்வாய்வுகளால் கொடை எதனைச் சாதித்தது என்பதை நாம் நன்கு அறிவோம். கொடையாளி எண்ணியது எவ்வாறு நினைவில் வைக்கப்பட்டது என்ற வினாவோ தனியே எடுத்துக்கொள்ளப்பட வேண்டியதாக உள்ளது.

‘நோக்கம்’ என்று இங்குக் குறிப்பது கொடையாளியின் உள்ளத்து இரகசியத்தை அன்று. கல்வெட்டின் மொழி பெரும்பாலும் வாய்பாட்டு மொழி. புகழுக்காகக் கொடுத்தாரா, புண்ணியத்திற்காகக் கொடுத்தாரா, செல்வாக்கை நிலைநாட்டக் கொடுத்தாரா என்பதைக் கல்வெட்டிலிருந்து உறுதியாகச் சொல்ல இயலாது. ஊரறிய அறிவிக்கப்பட்டு, நிறைவேற்றும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட எண்ணத்தையே இக்கட்டுரை நோக்கம் எனக் கொள்கிறது.

எதிர்நோக்கு நினைவு: ஒரு கருத்துக் கருவி

நடந்ததை நினைவுகூர்வது ஒன்று; செய்ய வேண்டியதை உரிய வேளையில் நினைவுகூர்வது வேறொன்று. பின்னதை உளவியலார் தனி ஆய்வுப் பொருளாகக் கொள்வர். அதனை இங்கு ‘எதிர்நோக்கு நினைவு’ எனலாம். கில்ஸ் ஐன்ஸ்டைனும் மார்க் மெக்டேனியலும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிகழ்வைக் கண்டதும் செய்ய வேண்டியவற்றையும் குறித்த காலம் வந்ததும் செய்ய வேண்டியவற்றையும் வேறுபடுத்தினர். பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரை, பொதுவாக எண்ணியதைவிட ‘எப்போது, எங்கே, எவ்வாறு’ என்று வகுத்துக்கொண்ட எண்ணமே நிறைவேறும் வாய்ப்பு மிகுதி எனக் காட்டியது.

இவ்வாய்வுகள் தனிமனிதரை மையமாகக் கொண்டவை. அவற்றின் கால அளவும் பெரும்பாலும் குறுகியது. அவற்றின் முடிவுகளை அப்படியே ஒரு சமுதாயத்தின்மீது ஏற்றுவது பொருந்தாது. எனினும் அவை தரும் ஒரு வினா பயனுடையது. ஓர் எண்ணத்தோடு காலம், இடம், அளவு, ஆள் ஆகியவை எவ்வளவு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டுள்ளன என்பதே அது. சோழர்காலக் கல்வெட்டுகளை இவ்வினாவோடு அணுகினால், வறண்ட கணக்குப் பட்டியல்களாகத் தோன்றும் பகுதிகளே மிகுந்த கவனத்திற்கு உரியவையாகின்றன.

விளக்கும் ஆடும்: எண்ணத்தை நாளாகப் பகுத்தல்

கொடைகளுள் மிகப் பரவலானது நந்தா விளக்கு. அணையாமல் எரிய வேண்டிய விளக்கு என்பது அதன் பொருள். ‘என்றும்’ என்பது மனிதரால் செய்து முடிக்கத்தக்க செயல் அன்று. அதனைச் செய்யத்தக்கதாக மாற்றிய முறை கல்வெட்டுகளில் விளங்குகிறது.

ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்னும் அளவு காணப்படுகிறது. ஓர் எருமைக்கு மூன்று பசு, ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு என்னும் மதிப்பீடு இதனுள் அடங்கியுள்ளது. கால்நடையை ஏற்றுக்கொண்ட இடையர் ஒரு விளக்குக்கு ‘நிசதம்’ ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நிசதம் என்பது நாள்தோறும் எனப் பொருள்படும் கல்வெட்டு வழக்கு. உழக்கு, நாழியில் நான்கில் ஒரு பங்கு. நெய்யை அளக்கும் கருவியும் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டது: ஆடவல்லான் என்னும் அளவை. எண்ணம் எவ்வளவு பெரிதாயினும், அதற்காக ஓர் இடையர் ஒரு நாளில் செய்ய வேண்டியது ஓர் உழக்கு நெய்யைக் கொண்டுவந்து அளப்பது மட்டுமே.

இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் இல்லை. ஆடுகள் இறக்கும்; குட்டிகள் பிறக்கும்; மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஏற்றுக்கொண்டவரின் கடமை. ஆகவே இத்தொடர் குறிப்பது உயிருள்ள ஆட்டை அன்று, கணக்கிலுள்ள ஆட்டை. மந்தையின் பெருக்கமும் எஞ்சிய பயனும் இடையரின் வாழ்வுக்கு ஆதாரமாயின எனக் கருத இடமுண்டு. கொடையாளியின் புண்ணியத்தை இடையர் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. தம் மந்தையைக் காப்பதன் வழியாகவே அவர் அந்த எண்ணத்தைக் காத்தார். தஞ்சைக் கல்வெட்டுகளில் இடையரின் பெயரோடு அவருடைய உறவினரும் பொறுப்பாளிகளாகச் சேர்க்கப்பட்டிருப்பது, ஒருவர் இறந்தாலோ தவறினாலோ அடுத்துக் கேட்கப்பட வேண்டியவர் யார் என்பதும் முன்கூட்டியே எண்ணப்பட்டதைக் காட்டுகிறது.

காசாகக் கொடுத்தவற்றிலும் இம்முறையே பின்பற்றப்பட்டது. தஞ்சைக் கோயிலின் காசு ஊர்ச்சபைகளிடம் வைப்பாகக் கொடுக்கப்பட்டு, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி பெறப்பட்டது. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்கு 12.5. முதல் தொடப்படாமல் நிற்க, வட்டி மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அறுவடையும் வட்டியும் ஆண்டுதோறும் திரும்பி வருபவை. அவற்றோடு கட்டப்பட்ட எண்ணமும் ஆண்டுதோறும் நினைவூட்டப்பெற்றது.

‘சந்திராதித்தவல்’ என்னும் தொடரைச் சந்திர சூரியர் உள்ளவரை நிற்கும் என்னும் மங்கல வாய்பாடாக மட்டும் கொள்வது வழக்கம். மேற்கண்ட கணக்குகளோடு சேர்த்துப் படித்தால், அதற்குச் சட்டத்தன்மையும் உண்டு என்பது புலப்படும். முடிவு நாள் இல்லாத கடமை இது என்பதை அத்தொடர் அறிவிக்கிறது. ஏற்றுக்கொண்டவர் ‘காலம் முடிந்தது’ என்று சொல்லும் வழியை அது அடைத்துவிடுகிறது.

ஆள் மறைந்தாலும் பணி

நெய்யும் நெல்லும் அளந்தால் போதும். ஆடலும் இசையும் தேர்ந்த மனிதர் வழியாகவே நிகழ முடியும். அம்மனிதர் இறப்பர், ஊர் பெயர்வர். இச்சிக்கலுக்குத் தஞ்சைத் தளிச்சேரிக் கல்வெட்டு விடை தருகிறது.

முதலாம் இராசராசன் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்கு வருவித்துக் குடியமர்த்தினான். ஒவ்வொருவரின் பெயரும், அவர் முன்பு இருந்த தளியும், இப்போது குடியிருக்கும் சிறகும் வீட்டின் வரிசையும் கல்வெட்டில் உள்ளன. ஒரு பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். ஆடலாசிரியர், இசைப்போர், கருவி முழக்குவோர், கணக்கர் எனப் பிற பணிமக்களுக்கும் பங்குகள் வகுக்கப்பட்டன.

இப்பட்டியலின் முன்னே வைக்கப்பட்டுள்ள விதியே இங்கு நமக்கு முதன்மையானது. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேற்று நாட்டிற்குச் சென்றாலோ, அவருக்கு அடுத்த முறைக்கு உரியவர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரைக் கொண்டு பணி செய்வித்துப் பங்கைப் பெறலாம். உரிமையாளரே இல்லையெனில், அப்பணியிலுள்ள மற்றவர்கள் தக்கார் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

400 பெண்களின் பெயர்களைக் கல்லில் பொறித்த அதே ஆவணம், அப்பெயர்கள் ஒருநாள் வெறும் பெயர்களாகும் என்பதையும் அறிந்திருந்தது. பெயரை எழுதியதோடு, பெயர் நீங்கிய பின் எஞ்சும் இடத்தையும் அது வரையறுத்தது. இங்குப் பரம்பரை உரிமைக்கு மேலாகத் தகுதி வைக்கப்பட்டுள்ளது. பணி நடக்க வேண்டும் என்னும் எண்ணம் பங்கு பெறும் உரிமையாகச் சுருங்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் உண்டு.

‘ஏன்’ என்பது எழுதப்படும் இடங்கள்

பெரும்பாலான கல்வெட்டுகள் யார், எவ்வளவு, எதற்கு, யார் பொறுப்பு என்பவற்றை விரிவாகக் கூறும். ஏன் என்பதைக் கூறுவது குறைவு. கூறும் இடங்கள் தனிக் கவனத்திற்கு உரியவை.

வேட்டையில் எய்த அம்பு தவறி மனிதர் ஒருவர் மேற்பட்டு இறந்த நிகழ்வுகளைக் குறிக்கும் கல்வெட்டுகள் சில உண்டு. ஊராரும் நாட்டாரும் கூடி, இது வேண்டுமென்று செய்த கொலை அன்று எனத் தீர்மானித்து, உயிர்த்தண்டனைக்கு மாறாக இறந்தவருக்காகக் கோயிலில் விளக்கு வைக்கும்படி செய்தனர். இவ்வகைக் கல்வெட்டில் ‘ஏன்’ என்பதை நீக்கினால் தீர்ப்பே பொருளிழக்கும். செய்த பிழையும் அதற்குரிய கழுவாயும் ஒரே கல்லில் நிற்கின்றன. நாள்தோறும் விளக்குக்கு அளக்கப்படும் நெய், அம்பெய்தவன் மறந்தாலும் அவனுடைய கடனை ஊர் அறியச் செலுத்திக்கொண்டிருந்தது.

தனிப்பட்ட உறவைக் காட்டும் சான்றுகளும் உள்ளன. இராசராசனின் தமக்கை குந்தவை, பொன்மாளிகைத் துஞ்சின தேவரான தம் தந்தை சுந்தரசோழருக்கும், தம் தாய்க்கும் தஞ்சைக் கோயிலில் படிமங்கள் எடுப்பித்தார். முதலாம் இராசேந்திரனின் 20ஆம் ஆட்சியாண்டுத் திருவாரூர்க் கல்வெட்டு, அரசனும் அணுக்கியாரான பரவை நங்கையாரும் நின்ற இடம் தெரிய வைத்த குத்துவிளக்கைக் குறிப்பிடுகிறது. இருவர் நின்ற இடம் தெரிய வேண்டும் என்பதே அவ்விளக்கின் பணி.

இச்சான்றுகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. காரணத்தை எழுதும் வழக்கம் அக்காலத்தாரிடம் இருந்தது. மற்ற இடங்களில் அது எழுதப்படாமைக்கு, நிறைவேற்றுபவருக்கு அது தேவையில்லை என்பது ஒரு காரணமாகலாம். நெய் அளப்பவர் அறிய வேண்டியது அளவு. காரணம் இன்றியும் செயல் தொடரும்படி அமைத்ததே இவ்வேற்பாட்டின் வலிமை. காலப்போக்கில் கொடையாளி யார், ஏன் கொடுத்தார் என்பது மங்கிப்போய்க் கடமை மட்டும் எஞ்சியதும் அதனால் நேர்ந்ததே.

படியெடுத்தல்: திருக்கோடிக்காவலும் திருமழபாடியும்

கல் நிலையானது என்னும் நம்பிக்கை அக்காலத்தாரிடம் அளவோடுதான் இருந்தது. கோயிலைப் புதுப்பிக்கும்போது பழைய சுவர் அகற்றப்படும். அதிலுள்ள எழுத்தும் அகலும். செங்கற்றளிகள் கற்றளிகளாக மாற்றப்பட்ட 10ஆம் நூற்றாண்டில் இச்சிக்கல் அடிக்கடி எழுந்தது.

தஞ்சை மாவட்டத்துத் திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கியபோது, அங்கிருந்த பல்லவர், பாண்டியர் காலத்துப் பழைய கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவ்வாறு வெட்டப்பட்டவை ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்ற குறிப்பைத் தாங்கியுள்ளன. எழுத்தமைதி பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது. ஆட்சியாண்டோ முந்தைய நூற்றாண்டு அரசருடையது. கல்வெட்டாய்வாளருக்கு இது கால வரையறையில் எச்சரிக்கை தரும் சான்று. நினைவு வரலாற்றை ஆராய்பவருக்கு இது நேர்மையின் சான்று. ஆட்சி மாறிய பின்னும், வீழ்ந்துபட்ட மரபுகளின் காலத்தில் யாரோ வைத்த விளக்கின் கடமை, புதிய கோயிலைக் கட்டியவரால் ஏற்கப்பட்டது. படி என்பதை மறைத்து மூலம் போலக் காட்டும் முயற்சியும் இல்லை.

இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியில் நிகழ்ந்தது மேலும் விரிவானது. இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1012–13 அளவில், அங்குள்ள வைத்தியநாதர் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டான். பிரிக்கும்முன் சுவரிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கவும் பணித்தான். அப்படிகள் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1025–26 அளவில், புதிய சுவரில் வெட்டப்பட்டன. இடையே ஏறத்தாழ 13 ஆண்டுகள். ஆணையிட்ட அரசனும் மறைந்துவிட்டான்.

அந்த 13 ஆண்டுகளில் கொடையாளர்களின் எண்ணங்கள் சுவரில் இல்லை, ஏட்டில் இருந்தன. ஏட்டைக் காத்தவர் யார் என்பதைவிட, காக்க வேண்டிய தேவை யாருக்கு இருந்தது என்னும் வினா பொருத்தமானது. அக்கல்வெட்டுகளின்படி வர வேண்டிய நெய்யும் நெல்லும் காசும் கோயிலைச் சார்ந்தோரின் வாழ்வோடு பிணைந்தவை. சுவர் இல்லாத காலத்திலும் அவை வந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே இராசராசனின் ஆணை இராசேந்திரன் காலத்தில் நிறைவேறியதற்கு அரசமரபின் தொடர்ச்சி மட்டுமே காரணமாகாது. ஆவணத்தால் பயன்பெறுவோர் அதன் அருகிலேயே இருந்தமையும் காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

தவறியபோது: திருவல்லத்தில் நடந்த உசாவல்

ஏற்பாடுகள் எவ்வளவு இறுக்கமாயினும் தவறின. அதனை மறைக்காமல் பதிவு செய்தவையும் கல்வெட்டுகளே. வேலூரை அடுத்த திருவல்லத்துக் கல்வெட்டு ஒன்று இதற்குத் தக்க சான்று.

உத்தமசோழனின் மகனாகக் கருதப்படும் மதுராந்தகன் கண்டராதித்தன் அக்கோயிலுக்கு வந்தபோது, இறைவனுக்குரிய அமுதுபடி இரண்டு நாழி அரிசியாகக் குறைந்திருந்தது. கறியமுதும் நெய்யமுதும் தயிரமுதும் நின்றுபோயிருந்தன; நந்தா விளக்குகள் கைவிடப்பட்டிருந்தன. அவர் கோயிலின் சிவப்பிராமணரையும் ஊராரையும் அழைத்து, அரசாணையின்படியும் கல்வெட்டின்படியும் கோயிலின் வரவு செலவு என்ன எனச் சொல்லப் பணித்தார்.

இந்நிகழ்வில் கல்வெட்டின் இடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். அமுதுபடி குறைந்து வந்த காலம் முழுவதும் கல்வெட்டு சுவரில்தான் இருந்தது. அது எவரையும் தடுக்கவில்லை, எவருக்கும் நினைவூட்டவும் இல்லை. அதிகாரமுடைய ஒருவர் வந்து, வேறுபாட்டைக் கண்டு, கேள்வி எழுப்பிய பின்னரே கல் பேசத் தொடங்கியது. பேசியபோது அதனை மறுக்க முடியாத நிலை இருந்தது என்பதில் அதன் பயன் அடங்கியுள்ளது.

இதனால்தான் பல கல்வெட்டுகளின் இறுதி எதிர்காலத்தாரை நோக்கிப் பேசுகிறது. ‘பன்மாகேசுவர ரட்சை’ என்பது சிவனடியார் அனைவரின் காவலில் அறத்தை ஒப்படைக்கிறது. இவ்வறத்தைக் காத்தவர் திருவடி என் தலைமேலன என்று கொடையாளி பிறவாதவரை வணங்குகிறார். அழித்தவர் கங்கைக்கும் குமரிக்கும் இடையே செய்யப்பட்ட பாவங்களையெல்லாம் கொள்வர் என்ற சாபமும் உண்டு. ‘அறம் மறவற்க, அறமல்லது துணையில்லை’ என்னும் வாய்பாடு நேரடியாக மறதியையே சுட்டுகிறது. வணக்கமும் சாபமும் வேண்டுகோளும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது, கல் ஒன்றே போதும் என்று அதனைப் பொறித்தவரே நம்பவில்லை என்பதற்குச் சான்று. கல்லைப் படித்துக் கேள்வி கேட்கும் மனிதர் ஒருவர் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தஞ்சை: எஞ்சிய சான்றும் நின்ற செயலும்

இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், தான் கொடுத்தவற்றையும் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டப் பணித்தான். பிறர் கொடையையும் தன் கொடையோடு ஒருங்கே பொறிக்கச் செய்த இவ்வாணையால்தான் பணியாளர் பலருடைய எண்ணங்களும் இன்று நமக்குக் கிடைக்கின்றன. அவர்களுள் ஒருவர், கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் ஆன தென்னவன் மூவேந்தவேளான். அவர் இராசராசனுக்கும் தேவி லோகமாதேவியாருக்கும் செப்புப் படிமங்கள் எடுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு உயர அளவுகளோடு குறிப்பிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இப்படிமங்கள் கோயிலில் இல்லை. 2018ஆம் ஆண்டு குசராத்திலுள்ள தனியார் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து இராசராசன், லோகமாதேவி எனக் கொள்ளப்பட்ட இரு படிமங்கள் மீட்கப்பட்டுத் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றின் அடையாளம் பற்றிய விவாதத்தில் மேற்குறித்த கல்வெட்டுச் செய்தி முன்வைக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் கல் அதே பணியைச் செய்தது: வழக்கு எழுந்தபோது சான்று கூறியது. படிமங்கள் காணாமற்போவதைத் தடுக்க அதனால் இயலவில்லை. காணாமற்போனது எது என்பதைச் சொல்ல இயன்றது. வட்டி தர வேண்டிய சபைகளும், நெய் அளக்க வேண்டிய இடையரின் கடமையும் மறைந்த காலத்தில், எண்ணத்தின் எஞ்சிய ஒரே வடிவம் அச்சான்றுதான்.

அச்சான்றும் இன்று பாதுகாப்பாக இல்லை. திருப்பணியின் பெயரால் மணல்வீச்சு முறையில் சுவர்கள் தூய்மை செய்யப்பட்டு எழுத்து தேய்ந்த கோயில்கள் உண்டு. சுண்ணமும் வண்ணமும் எழுத்தை மூடிய இடங்களும், கல்வெட்டுள்ள கற்கள் இடம் மாற்றி அடுக்கப்பட்ட இடங்களும் உண்டு. சுவரைப் பிரிக்கும்முன் எழுத்தைப் படியெடுக்க வேண்டும் என்னும் ஒழுங்கு திருமழபாடியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பின்பற்றப்பட்டது. 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையும் அவற்றிற்கு அடிப்படையான மைப்படிகளையும் நம் காலத்துப் பழங்கற்படிகள் எனலாம். மூலம் அழிந்த இடங்களில் அவையே சான்று.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, சோழர்காலக் கொடையாளர் தம் எண்ணத்தைப் பிறர் நினைவில் வைப்பர் என்னும் நம்பிக்கையில் விட்டுவிடவில்லை. அளவும் காலமும் பொறுப்பாளரும் குறித்து, ஒரு நாளின் எளிய வேலையாக அதனை மாற்றினர். இரண்டாவதாக, அவ்வேலையைச் செய்வோருக்கு அதில் வாழ்வுரிமை இருக்கும்படி செய்தனர். நினைவு தொடர்ந்தது அவ்வுரிமை தொடர்ந்த வரையில்தான். மூன்றாவதாக, காரணத்தை எழுதாமலும் செயல் நடக்கும் என்பதால், எண்ணத்தின் ‘ஏன்’ என்னும் பகுதியே முதலில் மறைந்தது. நான்காவதாக, கல்வெட்டு தானே நினைவாக இயங்கவில்லை. படியெடுப்பவரும் உசாவுபவரும் இருந்தபோது மட்டுமே அது பயன் தந்தது.

கல்வெட்டுகளைச் சமுதாயத்தின் ‘கூட்டு நினைவு’ எனப் பொதுவாகக் கூறும் வழக்கை இம்முடிபு மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. திருவல்லத்துச் சுவரில் எழுத்து இருந்தும் விளக்குகள் கைவிடப்பட்டன. திருமழபாடியில் சுவரே இல்லாதபோதும் ஆவணம் காக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே விளக்க, எழுதப்பட்ட பொருளைவிட அதனைச் சூழ்ந்த மனிதரின் தேவையையும் கடமையையும் ஆராய வேண்டும். ஓர் ஊரின் கொடைக் கல்வெட்டுகளைக் காலமுறையில் தொடர்ந்து பார்த்து, எந்தக் கொடைகள் பின்னாளில் மீண்டும் குறிக்கப்படுகின்றன, எவை குறிக்கப்படவில்லை என்று ஒப்பிடும் ஆய்வு இக்கருத்தைச் சோதிக்க உதவும்.

மஞ்சள் துணியில் முடிந்த காசு, அதனை முடிந்தவர் கண்ணில் படும்வரை நினைவூட்டும். அவருக்குப் பின் அம்முடிச்சைக் காண்பவருக்கு அது எதற்கான கடன் என்பது தெரிய வழியில்லை. கல்வெட்டு அதனைத் தெரிவிக்கும் வாய்ப்பையேனும் தருகிறது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவதும், எழுத்து அழியும்முன் படியெடுத்து வைப்பதும் இன்று ஆய்வாளரின் பொறுப்பாகின்றன.